போலந்துக்குன்னு தனியா ஒரு கட்டடக்கலை இருக்கா, இல்ல எல்லாம் இத்தாலிக்காரனும் ஜெர்மன்காரனும் கட்டிக் கொடுத்ததா?

கேள்வியோட சாரம் இதுதான்: போலந்துல பார்க்குற பெரிய கட்டடம் எல்லாம் வெளிநாட்டு ஆளுங்க பேர்லயே இருக்கு, மீதி போர்ல இடிஞ்சு திரும்பக் கட்டுனது, அப்ப போலிஷ் ஸ்டைல்னு சொல்றதுக்கு என்ன இருக்கு, கைத்தொழில்ல எதைப் பார்க்கலாம் எதை வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க.

சந்தேகம் பாதி நியாயம்தான். கிராக்கூவ் அரண்மனையைப் புதுப்பிச்சவங்க ஃப்ளாரன்ஸ்காரங்க, ஸமோஷ்ச்னு ஒரு முழு ஊரையே பிளான் போட்டவர் பதுவாக்காரர், வார்சாவோட நடுவுல நிக்கிற உயரமான கோபுரம் சோவியத் ஆளு டிசைன். ஆனா டிசைன் யாரோடதுன்னு மட்டும் பார்த்தா விஷயம் பிடிபடாது. அங்க மழை, பனி, மண்ணு, மரம் எப்படின்னு பாருங்க, அந்த ஊர் தச்சனும் கொத்தனாரும் வந்த ஸ்டைலை என்ன பண்ணாங்கன்னு பாருங்க, அப்பதான் தெரியும். என்னைக் கேட்டா போலந்துல கட்டடத்தையும் கைத்தொழிலையும் தனித்தனியா பார்க்கவே கூடாது, ரெண்டையும் பண்ணுனது பெரும்பாலும் ஒரே கைங்க.

முதல்ல எல்லாமே மரம். பிஸ்குபின்னு ஒரு இடம், 1933-ல ஒரு ஸ்கூல் வாத்தியார் ஏரிக்கரையில தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருந்த பழைய மரக்கட்டைங்களைக் கவனிச்சாரு, தோண்டிப் பார்த்தா கி.மு. 8-ம் நூற்றாண்டு ஊரு, கோட்டைச்சுவர், தெரு, வரிசை வீடு எல்லாம் மரத்துல. இதைக் கட்டுனவங்க போலிஷ்காரங்களோட முன்னோர்தானான்னு அப்ப பெரிய சண்டையே நடந்துச்சு, அது அரசியல், இங்க வேணாம். 966-ல போலந்தை ஆண்ட மியெஷ்கோ கிறிஸ்தவத்துக்கு மாறுன பிறகுதான் கல் கட்டடம் வர ஆரம்பிக்குது. அந்த ரோமனெஸ்க் காலத்துக்கு ரெண்டு பார்த்தா போதும்: கிராக்கூவ்ல செயின்ட் ஆண்ட்ரூ சர்ச், 11-ம் நூற்றாண்டு கடைசி, தடிச்ச சுவரு, சின்னச் சின்ன ஓட்டை ஜன்னல், கோட்டை மாதிரியே இருக்கும். இன்னொன்னு க்னியெஸ்னோ கதீட்ரலோட வெண்கலக் கதவு, 12-ம் நூற்றாண்டு, புனித வோய்ச்சியெஹ் வாழ்க்கையை 18 காட்சியா வார்த்திருக்காங்க. கதவுக்காகவே அந்த ஊருக்குப் போகலாம்.

அடுத்து கோதிக், அதாவது கூர்மையான வளைவு வச்சு உயரமா கட்டுற ஸ்டைல். ஃபிரான்ஸ்ல கல்லுல கட்டுன கோதிக் வேற, இங்க வேற. போலந்தோட வடக்குப் பக்கம் முழுக்க பனிப்பாறை நகர்ந்து வந்து விட்டுட்டுப் போன சமவெளி, நல்ல கட்டடக்கல் கிடைக்காது, களிமண்ணுக்குப் பஞ்சமே இல்ல. அதனால செங்கல். செங்கல்லுல நுணுக்கமா செதுக்க முடியாது, அதனால அலங்காரம் வேற வழியில வருது, சூளையில அதிகமா வெந்து கருத்துப்போன செங்கல்லையும் மேல கண்ணாடிப் பூச்சு போட்ட செங்கல்லையும் சிவப்பு சுவர்ல இடையிடையே வச்சு டைமண்ட் டைமண்டா பேட்டர்ன் போடுவாங்க, வாசல்ல அச்சுல வார்த்த செங்கல் வரும். தொருன், க்டான்ஸ்க், மால்போர்க் மூணும் போனா இது கண்ணு நிறைய கிடைக்கும். மால்போர்க் கோட்டையைக் கட்டுனது டியூட்டானிக் ஆர்டர்ங்கிற ஜெர்மன் போர்வீரத் துறவிகள், 1309-ல அதுதான் அவங்க தலைமையிடம், அப்புறம் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாம, அந்தப் படைக்காரங்களே 1457-ல கோட்டையை போலந்து ராஜாவுக்குக் கைமாத்தி விட்டாங்க. சம்பள பாக்கியில போன கோட்டை.

மூணாம் கஸிமியெஷ், 1333-ல இருந்து 1370 வரை ஆண்ட ராஜா, மரத்துல இருந்த போலந்தை செங்கல் போலந்தா ஆக்கிட்டுப் போனார்னு அங்க ஒரு பேச்சு உண்டு, அந்த ஊர்ப் பசங்க எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் ஓவர்தான், கிராமம் எல்லாம் அதுக்கப்புறமும் 500-600 வருஷம் மரத்துலயேதான் இருந்துச்சு.

செங்கல் சர்ச்சுக்குள்ள போனா மறுபடி மரம். கிராக்கூவ் செயின்ட் மேரி சர்ச் பலிபீடம், 1477-ல இருந்து 1489 வரைக்கும் வேலை நடந்துச்சு, நியூரம்பெர்க்ல இருந்து வந்த விட் ஸ்ட்வோஷ், ஜெர்மன்ல சொன்னா வைட் ஷ்டோஸ், லிண்டன் மரத்துல செதுக்குனது, கிட்டத்தட்ட 13 மீட்டர் உயரம். அந்த அப்போஸ்தலர்களோட கையைப் பாருங்க, நரம்பு, சுருக்கம், மூட்டு வீக்கம் எல்லாம் இருக்கும். நாஜிக்கள் இதைக் கழட்டி ஜெர்மனிக்குக் கொண்டு போய்ட்டாங்க, 1946-ல திரும்பி வந்துச்சு. பலிபீடம் செதுக்குற அளவுக்குப் போகாதவங்க கையும் சும்மா இல்ல, தொருன்ல ஜிஞ்சர்பிரெட் ரொட்டிக்கு மர அச்சு செதுக்குவாங்க, ராஜா ராணி, குதிரை வண்டி, இதயம்னு அவ்ளோ நுணுக்கம், பழைய அச்சுங்களை அந்த ஊர் மியூசியத்துல வச்சிருக்காங்க.

இப்ப உங்க கேள்விக்கு நேரா வர்ற இடம், ரினைசான்ஸ், அதாவது பழைய ரோம் பாணியைத் திரும்பக் கொண்டு வந்த இத்தாலி ஸ்டைல். 1518-ல ராஜா முதலாம் ஸிக்மன்ட் கட்டிக்கிட்டது போனா ஸ்ஃபோர்ஸாங்கிற இத்தாலி இளவரசியை, அதுக்கு முன்னாடியே இத்தாலி ஆளுங்க கிராக்கூவ் அரண்மனை இருக்குற வாவெல் குன்றுல வேலையை ஆரம்பிச்சாச்சு. வாவெல் முற்றத்துல போய் நின்னு மேல பாருங்க. மூணு மாடி வளைவு வராண்டா, கீழ ரெண்டு மாடி அப்படியே ஃப்ளாரன்ஸ், மூணாவது மாடியில தூண் திடீர்னு ரெண்டு மடங்கு உயரம், ஒல்லியா, நடுவுல வளையம் போட்டு நிக்கும். ராஜாவோட முக்கியமான ஹால் எல்லாம் மேல் மாடியில வேணும்னு முடிவு பண்ணதால அங்க கூரையை ஏத்த வேண்டியதாப் போச்சு. கூரையும் இத்தாலி கூரை இல்ல, பனி வழுக்கி விழணும்னு செங்குத்தா ஏத்தி, சுவரைத் தாண்டி வெளியே நீட்டிவிட்டது. இத்தாலி வாத்தியார் புத்தகத்துல இப்படி ஒரு தூண் கிடையாது. பக்கத்துல கதீட்ரலோட ஒட்டி ஸிக்மன்ட் சாப்பல், 1519-1533, தங்க முலாம் பூசுன குவிமாடம், உள்ள அதைக் கட்டுன ஃப்ளாரன்ஸ்காரர் பெரெச்சி தன் பேரை மேல உச்சியில பொறிச்சு வச்சிருக்காரு, கடவுள் பேரு வர வேண்டிய இடத்துல. தைரியம்தான்.

அதைவிட முக்கியம் அட்டிகா. கூரையை மறைக்கிற மாதிரி சுவருக்கு மேல ஏத்துற அலங்கார பாராப்பெட் சுவர். மரக்கூரை வீடு நெருக்கமா இருக்குற ஊர்ல ஒரு வீடு பத்திக்கிட்டா தெருவே போயிரும். அதனால கூரையை வெளிப்பக்கம் சரிக்காம உள்பக்கமா பள்ளமா சரிச்சு, சுத்தி உயரமா செங்கல் சுவர் ஏத்திட்டாங்க, தீப்பொறி தாண்டாது. ஆனா மொட்டையா ஒரு சுவர் நின்னா நல்லாவா இருக்கும், அதனால அதுமேல குட்டி வளைவு, சுருள், கூம்பு, முகமூடி முகம்னு அலங்காரம் ஏறுது. கிராக்கூவ் மார்க்கெட் நடுவுல இருக்குற துணிச் சந்தை சுக்யென்னிட்சே, 1555-ல எரிஞ்சுச்சு, திரும்பக் கட்டும்போதுதான் அதுக்கு அட்டிகா வந்துச்சு. தீயணைப்பு ஐடியா கொஞ்ச காலத்துல ஃபேஷன் ஆயிடுச்சு, போஸ்னான் டவுன் ஹால், கஸிமியெஷ் டோல்னியில ப்ஷிபிவா சகோதரர்கள் வீடு, எங்க பார்த்தாலும் இது. உள்பக்கம் சரிஞ்ச கூரையில மழைத் தண்ணியும் பனியும் நின்னு ஒழுகும், பராமரிக்கிறது தலைவலி, அதனால பின்னாடி நிறைய இடத்துல கூரையை மாத்திட்டாங்க. போலிஷ் அட்டிகான்னே கலை வரலாற்றுல பேரு வாங்குன சமாச்சாரம், போலிஷ் ஸ்டைல் எங்கன்னு ஒரே ஒரு இடத்தைக் காட்டச் சொன்னா நான் இதைத்தான் காட்டுவேன்.

ஸமோஷ்ச் பத்தி ரெண்டு வரி. யான் ஸமோய்ஸ்கிங்கிற சான்சலர் 1580-ல சொந்தக் காசுல ஆரம்பிச்ச ஊரு, பெர்னார்டோ மொராண்டோ பிளான், நேர்கோட்டுத் தெரு, சதுர மார்க்கெட், சுத்தி வளைவு நடைபாதை. அங்க ஆர்மீனிய வியாபாரிங்க வீட்டு முகப்புதான் ரொம்ப அழகு, கலர் கலரா நிக்கும்.

இனி எனக்குப் பிடிச்ச பகுதி, மரச் சர்ச். தெற்கு மலையடிவாரத்துல ஆறு கத்தோலிக்க மரச் சர்ச்சை 2003-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க, பினாரோவா, பிளிஸ்னே, டெம்ப்னோ, ஹாச்சூவ், லிப்னிட்சா முரோவானா, சென்கோவா. முழு மரத்தைப் படுக்கப் போட்டு மூலையில ஒண்ணோட ஒண்ணு கொத்தி மாட்டிக் கட்டுறது, கூரைக்கு மரச்சில்லு ஓடு, சென்கோவாவுல அந்தக் கூரை கிட்டத்தட்ட தரையைத் தொடுற அளவுக்கு இறங்கியிருக்கும். டெம்ப்னோ உள்ள போனா மேலயும் சுத்தியும் 15-ம் நூற்றாண்டு கடைசியில ஸ்டென்சில் வச்சு அடிச்ச பூவும் கொடியும் மிருகமும், பலகை மேல நேரா போட்ட பெயின்ட் இன்னும் கலர் மங்காம இருக்கு. கல் கோதிக்கோட கூர்மையான வடிவத்தை ஊர்த் தச்சன் கோடாலியில கொண்டு வந்திருக்கான். இதுபோக ஆர்த்தடாக்ஸ், கிரேக்க கத்தோலிக்கக்காரங்களோட மரக்கோயில் தனி, அடுக்கடுக்கா குவிமாடம் வச்சது, அதுல போலந்து பக்கம் 8, உக்ரைன் பக்கம் 8, ஒண்ணாச் சேர்த்து 2013-ல பட்டியல்ல வந்துச்சு. போலந்து பக்கம் இருக்குறதுல நிறைய லெம்கோ, போய்கோங்கிற மலைவாழ் மக்கள் கட்டுனது, போருக்கப்புறம் அந்த மக்களையே அங்கிருந்து வெளியேத்திட்டாங்க, கட்டடம் மட்டும் நிக்குது.

இன்னொரு மரச் சர்ச் கதை இருக்கு, இது சைலீசியாவுல, அப்ப அது ஹாப்ஸ்பர்க் ஆட்சி, போலந்து இல்ல. 1648-ல வெஸ்ட்ஃபாலியா சமாதானம் வந்து பெரிய மதப்போர் முடிஞ்சப்போ அங்க இருந்த லூதரன் புராட்டஸ்டண்ட்காரங்களுக்கு மூணே மூணு சர்ச் கட்டிக்கலாம்னு கத்தோலிக்கப் பேரரசர் அனுமதி கொடுக்குறார், கண்டிஷன் என்னன்னா கல்லும் செங்கல்லும் கூடாது, மரம் களிமண் வைக்கோல் மட்டும், கோபுரம் கூடாது, ஊர்ச்சுவருக்கு வெளியதான் இருக்கணும், ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும். சீக்கிரம் விழுந்துரும்னு நினைச்சிருப்பாங்க. க்வோகூவ் சர்ச் 1758-ல எரிஞ்சு போச்சு, யாவோரும் ஷ்விட்னிட்சாவும் இன்னிக்கும் நிக்குது, ஷ்விட்னிட்சாவுல 7,500 பேர் கொள்ளும். வெளிய பார்த்தா பெரிய களஞ்சியம், உள்ள அடுக்கடுக்கா மாடம், சுவரு கூரை எல்லாம் ஓவியம், தங்க முலாம். போலந்துல ஒரே ஒரு உட்புறம்தான் பார்க்க நேரம்னா நான் வாவெலை விட்டுட்டு இங்கதான் அனுப்புவேன்.

பரோக், கிளாசிசிசம் பத்தி வேகமா போயிடறேன், வில்லானூவ் அரண்மனை, வாஷியென்கி பூங்கா அரண்மனை ரெண்டும் வார்சாவுல இருக்கு, அழகுதான், ஆனா ஐரோப்பாவுல மத்த இடத்துலயும் கிடைக்கிற அழகு.

1772, 1793, 1795-னு மூணு தடவை பங்கு போட்டு போலந்தையே மேப்புல இருந்து எடுத்துட்டாங்க, 1918 வரைக்கும் நாடே கிடையாது. நாடு இல்லாதப்போ எது நம்மளுதுன்னு ஒரு தேடல் வருமில்ல, அதுல பிறந்ததுதான் ஸகோபானே ஸ்டைல். தாத்ரா மலையடிவாரத்து ஊரு, ஆஸ்திரியா ஆட்சி, காசுள்ளவங்க ஸ்விஸ் மாடல்ல வில்லா கட்டிட்டு இருந்தாங்க, அங்க இருந்த மரச் சிற்பப் பள்ளியிலயும் ஆல்ப்ஸ் மலை டிசைனைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஸ்தானிஸ்வாவ் விட்கியெவிச்னு ஓவியரும் விமர்சகருமான ஒருத்தர் இதைப் பார்த்துட்டு, ஏன்யா பக்கத்துலயே குராலே மலைவாசிங்க இவ்ளோ நல்ல வீடு கட்டுறாங்க, அதை விட்டுட்டு ஸ்விட்சர்லாந்தை எதுக்குத் தேடுறீங்கன்னு சண்டைக்கே போயிட்டாரு. முதல் வீடு கோலிபா, 1892-93, இப்ப மியூசியம். கீழ மலைக்கல் அடித்தளம், மேல பாதியாப் பிளந்த தடித்த மரம், செங்குத்தான மரச்சில்லு கூரை. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்குற சந்துல மெல்லிசா சீவுன மரச்சுருளைப் பின்னல் மாதிரி முறுக்கி அடைப்பாங்க, காத்து புகாது, பார்க்கவும் அலங்காரமா இருக்கும். உள்ள கூரையைத் தாங்குற நடு உத்தரம், அதுல ஆறிதழ் பூ வட்டம், கட்டுன வருஷம் எல்லாம் செதுக்கியிருக்கும். நாற்காலி, அலமாரி, கரண்டி வரைக்கும் அதே டிசைன் போட்டாங்க. உண்மையைச் சொல்லணும்னா குராலே வீடு சின்னது, எளிமையானது, விட்கியெவிச் கட்டுனது பணக்காரங்களுக்கான பெரிய மாளிகை, ஆனா செதுக்குனது அந்த மலைத் தச்சங்கதான், அவங்க கை இல்லாம அது காகிதத்துலயே நின்னிருக்கும். ஒரிஜினல் வீடு பார்க்கணும்னா பக்கத்துல ஹோஹோவூவ் கிராமம் போங்க, தெரு முழுக்க பழைய மரவீடு, வருஷா வருஷம் வசந்தத்துல சுவரை சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவுவாங்க, அதனால மரம் கருக்காம பொன் நிறமா இருக்கும்.

மரவீட்டோட அடுத்த கதை ஸலிப்பியே, தார்னூவ் பக்கத்துல. பழைய குடிசைக்குப் புகைபோக்கி கிடையாது, அடுப்புப் புகை சுவரெல்லாம் கரியாக்கிரும். பொம்பளைங்க கருத்த இடத்துல சுண்ணாம்பைத் தொட்டு வெள்ளைப் புள்ளியா வச்சாங்க, புகைபோக்கி வந்து சுவர் வெள்ளையானதும் புள்ளி பூவாயிடுச்சு. நுனியை மென்னு நார் நாராக்குன குச்சி, மாட்டு முடி, குதிரை முடி, இதுதான் பிரஷ், கலருக்குக் கரி, களிமண், சுண்ணாம்பு. ஃபெலிட்ஸியா ட்சுரிவோவான்னு ஒரு அம்மா (1904-1974) வீடு, அடுப்பு, கூரை, ஒரு அங்குலம் விடாம வரைஞ்சு வச்சிருக்காங்க, இப்ப அது மியூசியம். 1948-ல இருந்து வர்ணக் குடிசைப் போட்டி நடக்குது. ஊர்ல கிணறு, கோழிக்கூண்டு, நாய்க்கூண்டு வரைக்கும் பூதான்.

வேற பகுதியில பெயின்டுக்குப் பதிலா பேப்பர், 19-ம் நூற்றாண்டு நடுவுல கலர் பேப்பர் கிராமத்துக்கு வந்ததும் ஆட்டு ரோமம் வெட்டுற பெரிய கத்தரியை எடுத்துக்கிட்டு வெட்ட ஆரம்பிச்சாங்க, விச்சினான்கின்னு பேரு, சுண்ணாம்படிச்ச சுவர்லயும் உத்தரத்துலயும் ஒட்டுவாங்க. வோவிச் பக்கம்னா பல கலர் அடுக்கி ஒட்டுன சேவல், பூ. குர்ப்பியே காட்டுப் பக்கம்னா ஒரே கலர் பேப்பரை மடிச்சு வெட்டுன மரம், ரெண்டு பக்கமும் பறவை, எனக்கு இதுதான் ஒசத்தி, ஏன்னா வெட்டுல பிசகினா மறைக்க ரெண்டாவது பேப்பர் கிடையாது. கொனியாகூவ் மலைக்கிராமத்துல கொக்கி ஊசியால பின்னுற குரோஷா லேஸ் இன்னொன்னு, கல்யாணமான பொம்பளைங்க தலைக்குல்லாவுல ஆரம்பிச்சு பலிபீடத் துணிக்குப் போச்சு, 2000-கள் ஆரம்பத்துல சிலர் அதே லேஸ்ல உள்ளாடை பின்னி விக்க, ஊரே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சு.

கட்டடமும் கைத்தொழிலும் ஒண்ணுன்னு சொன்னேன்ல, அதுக்கு நேரடி சாட்சி கிராக்கூவ் ஷோப்கா. குளிர்காலத்துல சுண்ணாம்புக் கலவை உறைஞ்சிடும், கொத்தனாருக்கு வேலை இருக்காது, அப்ப 19-ம் நூற்றாண்டுல அவங்க வருமானத்துக்காகக் கிறிஸ்துமஸ் குடில் செஞ்சு வீடு வீடா தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. மாட்டுக்கொட்டகையா செய்யலை, தாங்க தெனம் பார்க்குற ஊரையே செஞ்சாங்க: செயின்ட் மேரியோட ரெண்டு கோபுரம், வாவெல் குவிமாடம், சுக்யென்னிட்சே அட்டிகா எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, பளபளக்குற ஜரிகைத் தாள் ஒட்டி. 1937-ல இருந்து போட்டி, டிசம்பர் முதல் வியாழக்கிழமை மார்க்கெட்ல கவிஞர் மிட்ஸ்கியெவிச் சிலைப் படிக்கட்டுல கொண்டு வந்து வைப்பாங்க, 2018-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துடுச்சு. அந்த நேரத்துல போக முடிஞ்சா போங்க.

திரும்பக் கட்டுனது போலிதானேன்னு கேட்டிருந்தீங்க. வார்சா, 1944-ல ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நடந்த எழுச்சிக்கப்புறம் நாஜிக்கள் திட்டம் போட்டு இடிச்ச ஊரு, மொத்தத்துல 85 சதவீதம் போச்சு. பழைய நகரத்தைக் கட்டும்போது போருக்கு முன்னாடி எடுத்த அளவு வரைபடம், ஃபோட்டோ, அதோட 18-ம் நூற்றாண்டுல பெர்னார்டோ பெல்லோட்டோ வரைஞ்ச ஊர்க் காட்சி ஓவியங்கள் எல்லாத்தையும் பார்த்தாங்க. ஆனா 1939-ல இருந்த ஊரை அப்படியே கட்டலை, 19-ம் நூற்றாண்டுல நெருக்கிக் கட்டுன பின்கட்டை எல்லாம் விட்டுட்டாங்க, முகப்பு மட்டும் பழசு, உள்ள குடியிருக்க புது ஃபிளாட், சுவர்ல இருக்குற கீறல் ஓவியம் நிறைய 1950-கள்ல அன்னிக்கு இருந்த கலைஞர்கள் போட்டது. அதனால அதைப் பழைய ஊரோட காப்பின்னு பார்க்காம 1953 காலத்துக் கட்டடமா பாருங்க, ரொம்ப சுவாரசியமா இருக்கும், யுனெஸ்கோ 1980-ல சேர்த்ததும் அந்தத் திரும்பக் கட்டுன வேலைக்காகத்தான். அதே சமயத்துல ஸ்டாலின் பரிசா வந்த கலாச்சார அரண்மனை, 1952-55, 237 மீட்டர், டிசைன் பண்ண லேவ் ருத்னேவ் டீம் போலந்து ஊர் ஊராச் சுத்திப் பார்த்துட்டுப் போச்சு, மேல பாருங்க, மாஸ்கோ கோபுரத்து உச்சியில கிராக்கூவ் அட்டிகா உக்காந்திருக்கும். நிறைய வார்சாக்காரங்களுக்கு அந்தக் கட்டடத்தைக் கண்டாலே ஆகாது.

கைத்தொழிலும் இப்படி எல்லை மாறும்போது கை மாறியிருக்கு. நீலப் புள்ளி போட்ட போலிஷ் பாத்திரம்னு உலகம் முழுக்க விக்கிற போலெஸ்வாவியெட்ஸ் ஊரு 1945 வரைக்கும் ஜெர்மன் பன்ஸ்லாவ். ஜெர்மன் குயவர்களை வெளியேத்துன பிறகு போலிஷ்காரங்க வந்து சூளையைப் பிடிச்சாங்க, ஸ்பாஞ்சுல வெட்டுன குட்டி முத்திரையால கோபால்ட் நீலத்தை ஒத்தி எடுக்குற டெக்னிக்கும் மயில்கண் டிசைனும் அப்படியே தொடருது, ஸ்டோன்வேர்ங்கிற கெட்டியான மண்பாத்திர வகை, 1,250 டிகிரி பக்கம் சுடுறது, ஓவன் அடுப்புல வச்சாலும் தாங்கும். வ்ரோத்ஸ்வாஃப் நூற்றாண்டு மண்டபமும் அதே கதை, 1913, மாக்ஸ் பெர்க், 65 மீட்டர் அகலக் கான்கிரீட் குவிமாடம், கட்டுனப்போ ஜெர்மனி, இப்ப போலந்து.

புதுசா எதுவும் இல்லையான்னா, 2010 ஷாங்காய் எக்ஸ்போவுல போலந்து அரங்கத்தோட சுவரே ஒரு விச்சினான்கி, பிளைவுட்ல வெட்டுன ஓட்டை வழியா வெளிச்சம் உள்ள விழும், ராத்திரி கலர் கலரா வெளிய தெரியும்.

வாங்குறதுக்கு: பாத்திரத்தைக் கவுத்து அடியில முத்திரை பாருங்க, அதிக விலை ரகத்துல வரைஞ்சவங்க கையெழுத்து இருக்கும். விச்சினான்கி வாங்கும்போது விளிம்பைத் தடவிப் பாருங்க, அடுக்கு கையில தட்டுப்படணும், டூரிஸ்ட் கடையில தொங்குறது பாதி பிரிண்ட்தான். செபெலியான்னு 1949-ல நாட்டுப்புறக் கைத்தொழிலுக்காக ஆரம்பிச்ச கடைப் பேரு கண்ணுல பட்டா உள்ள எட்டிப் பாருங்க. கிராக்கூவ்ல தங்கிக்கிட்டா ஹோஹோவூவ், டெம்ப்னோ ரெண்டையும் ஒரே நாள்ல ஸகோபானே ரூட்ல முடிச்சுரலாம், ஸலிப்பியேவுக்கு பஸ்ஸை நம்பாதீங்க, கார் எடுத்துக்கோங்க.